எச்61 போட்டில் பாவித்த ஸியோன் போடலாமா?

தெஹிவளை_அல்பம் | 2026 ஜனவரி 10, இரவு 9.14

எச்61 மதர்போட், ஐ3-2120, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் காட் இல்லை, போட்டில இருக்கிற விஜிஏ வயர்தான் மொனிட்டருக்குப் போகுது. வேலை கல்யாண அல்பம் டிசைன், இடைக்கிடை வீடியோ எடிட்டிங். விளம்பரம் ஒண்டில இன்டெலின்ர சேர்வர் புரொசசர், ஸியோன் ஈ3-1240 வீ2, பாவிச்சது நல்ல மலிவாக் கிடக்கு. "ஐ7 மாதிரி ஓடும், கழட்டிப்போட்டு அப்படியே மாட்டலாம்" எண்டு விக்கிறவர் சொல்றார். நம்பலாமோ?

மரைன்டிரைவ் | ஜனவரி 10, இரவு 9.50

முதல் பாதி உண்மை. ஈ3-1240 வீ2 என்பது 4 கோர், 8 திரெட், 8 எம்பி கேஷ், 3.4 கிகாஹேர்ட்ஸ், டர்போவில் 3.8. ஐ7-3770 உம் 3.4 தான், டர்போ 3.9. இரண்டும் ஒரே ஐவி பிரிட்ஜ் (இன்டெலின் மூன்றாம் தலைமுறை) சிலிக்கன். ஸியோன் 69 வொட், ஐ7 77 வொட். வேலை செய்யும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

"அப்படியே மாட்டலாம்" என்பதில்தான் வில்லங்கம். அந்த ஸியோனுக்குள் கிராபிக்ஸ் இல்லை. மாட்டிய பிறகு போட்டின் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் செத்த துவாரம். காட் ஒன்று வாங்கியே ஆகவேண்டும். அடுத்தது பயோஸ், அதாவது மெசின் எழும்பும்போது முதலில் ஓடும் போட்டின் மென்பொருள். ஐ3-2120 சான்டி பிரிட்ஜ் (இரண்டாம் தலைமுறை), வீ2 ஐவி பிரிட்ஜ். பழைய பயோஸ் உள்ள எச்61 போட் ஐவியை அடையாளம் காணாது.

போட்டின் சரியான மொடலைச் சொல்லுங்கள். சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போட் பக்கத்தில் மொடல், பயோஸ் பதிப்பு, திகதி மூன்றும் இருக்கும்.

பழையசாமான் | ஜனவரி 10, இரவு 10.05

விக்கிறவர் சொன்னதில "கழட்டிப்போட்டு" எண்டது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

மரைன்டிரைவ் | ஜனவரி 10, இரவு 10.31

ஸியோன் எண்களை வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், விளம்பரங்களில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். ஈ3-12xx வரிசையில் கடைசி இலக்கம் 5 என்றால் (1225, 1245, 1275) உள்ளே கிராபிக்ஸ் உண்டு. 0 என்றால் (1230, 1240, 1270) இல்லை. 1220 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் 4 திரெட்தான், ஐ5 மாதிரி. 1225 உம் அப்படியே 4 திரெட். 1220எல் வீ2 வைத் தொடவே வேண்டாம்: 17 வொட், 2 கோர். இப்போது இருக்கும் ஐ3 யை விடப் பெரிதாக ஒன்றும் தராது.

வீ எண் சொக்கெட்டை, அதாவது புரொசசர் குந்தும் வாயைச் சொல்லும். வீ எண் இல்லாததும் வீ2 உம் 1155. வீ3 போனால் 1150 (எச்81, பி85). வீ5, வீ6 இரண்டும் 1151 சொக்கெட்டில் இருக்கும், ஆனால் சாதாரண எச்110, பி150 போட்டில் ஓடாது. சி232 அல்லது சி236 சிப்செட் (போட்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். சொக்கெட்டில் அழகாகப் பொருந்தும், திரை மட்டும் வராது. ஆறாம் தலைமுறை மெசின் வைத்திருப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

புதுக்கடை_நானா | ஜனவரி 11, காலை 7.20

எச்61 சரி. இந்த இழையை வாசிச்சிட்டு பிராண்ட் மெசின் வச்சிருக்கிறவங்களும் ஓடிப்போய் வீ2 வாங்கிராதீங்க. கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் கொடுக்கல்ல. டெல் ஒப்டிப்ளெக்ஸ் 790, 990, எச்பி 8200 எலீட் எல்லாம் அந்தக் கூட்டம். அதுக்குள்ள வீ எண் இல்லாத ஈ3-1230, 1240, 1270 தான். அது 80 வொட், சான்டி பிரிட்ஜ். ஒப்டிப்ளெக்ஸ் 7010, 9010 கியூ77, அதில வீ2 ஓடும்.

790 ஐயும் 7010 ஐயும் கேசிங் பார்த்துப் பிரிக்கிறது கஷ்டம். முன்னுக்கு யுஎஸ்பி 3 நீல வாய் இருந்தா அது 7010 பக்கம்.

மரைன்டிரைவ் | ஜனவரி 11, காலை 8.02

நானா, 7010 இல் நீல வாய் பின்னாலும் உண்டு. அதைவிட மெசினில் ஒட்டியிருக்கும் சேர்விஸ் டாக் எண்ணை டெல் இணையத்தளத்தில் போட்டுப் பார்ப்பது நிச்சயம்.

புதுக்கடை_நானா | ஜனவரி 11, காலை 8.10

கடையில நிக்கிற நேரம் இன்டர்நெட் பார்க்க விடுவானா? வாயைப் பார், வாங்கு.

தெஹிவளை_அல்பம் | ஜனவரி 11, மாலை 6.40

பயோஸ் திகதி 2011 ஓகஸ்ட். தயாரிப்பாளரின்ர இணையத்தளத்தில புரொசசர் பட்டியல் இருக்கு, ஈ3-1230 வீ2, 1240 வீ2, 1245 வீ2 மூண்டும் போட்டிருக்கு, பக்கத்தில ஒரு பயோஸ் எண்ணும் இருக்கு. அந்த எண்ணுக்குக் குறைஞ்சா வேலை செய்யாது எண்டுதானே அர்த்தம்?

மரைன்டிரைவ் | ஜனவரி 11, இரவு 8.15

ஆம். பட்டியலில் இருப்பது பெரிய நிம்மதி. பட்டியலில் இல்லாவிட்டாலும் பல போட்கள் ஏற்கும், ஆனால் அது சூதாட்டம்.

பயோஸை ஐ3 மாட்டியிருக்கும்போதே புதுப்பிக்கவேண்டும். ஸியோனை மாட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம் என்று நினைத்தால், திரையே வராத மெசினில் எதைப் புதுப்பிப்பது? ஒழுங்கு இதுதான்:

இப்போது உள்ள பயோஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தில் அதற்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளின் குறிப்பையும் வாசியுங்கள். 6 வரிசை சிப்செட்டில் ஐவி பிரிட்ஜ் ஓட பயோஸ் மட்டும் போதாது, எம்ஈ என்ற உள்மென்பொருளும் 7 இலிருந்து 8 க்குப் போகவேண்டும். சில தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே கோப்பில் தருவார்கள். சிலர் இடையில் ஒரு பதிப்பைக் கட்டாயம் போடச் சொல்வார்கள், அல்லது எம்ஈக்கு விண்டோஸில் ஓடும் தனிக் கருவி தருவார்கள். நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவுவதில்தான் போட்கள் சாகின்றன. எம்ஈ 8 க்குப் போன பிறகு பழைய பயோஸுக்குத் திரும்ப முடியாத போட்களும் உண்டு.

பென்டிரைவ் எஃப்ஏடி32 இல் ஃபோர்மட் செய்து, கோப்பை அதில் போட்டு, பயோஸ் திரைக்குள் இருக்கும் புதுப்பிக்கும் கருவியால் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து பயோஸை எழுதவேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் தொடவேண்டாம். மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினாலும் போதும், பாதி எழுதிய சிப்போடு நிற்பீர்கள்.

முடிந்ததும் பயோஸுக்குள் போய் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள். ஐ3 யோடு விண்டோஸ் ஒருதரம் சாதாரணமாக எழும்பட்டும். பிறகுதான் புரொசசரில் கை வைப்பது. போட் ஹார்ட் டிஸ்க்கோடு பேச ஏஎச்சிஐ, ஐடிஈ என்று இரண்டு முறை உண்டு, பழைய பயோஸில் எது இருந்தது என்று முன்பே பாருங்கள். புதுப்பித்த பிறகு அது மாறியிருந்தால் நீலத்திரை வரும். போட் பழுதாகவில்லை, அமைப்பைத் திருப்பிப் போட்டால் சரி.

பழையசாமான் | ஜனவரி 11, இரவு 9.03

செத்த பயோஸுக்கும் மருந்து இருக்கு. எச்61 காலத்து பயோஸ் சிப் எட்டுக் கால், 3.3 வோல்ட், பெரும்பாலும் 25கியூ32 அல்லது 25கியூ64 எண்டு எழுதியிருக்கும். சில போட்டில சிப் சின்னச் சொக்கெட்டில குந்தியிருக்கும், நெம்பி எடுத்து சிஎச்341ஏ புரோகிராமரில வச்சு எழுதலாம். ஒட்டின சிப்புக்கு கிளிப் வேணும். எழுதமுன்னம் இருக்கிறதை இரண்டுதரம் வாசிச்சு இரண்டு கோப்பும் ஒண்டா எண்டு பாருங்கோ. ஒண்டில்லாட்டி கிளிப் சரியா நிக்கேல்லை. கறுப்பு நிற சிஎச்341ஏ சிலது 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் சமிக்ஞை குடுக்கும். அதுவும் தெரிஞ்சிருக்கட்டும்.

தயாரிப்பாளரின்ர கோப்பை அப்படியே எழுதினா நெட்வேர்க் முகவரி, சீரியல் எண் அழியலாம். பழைய வாசிப்புக் கோப்பு அதுக்காகத்தான், எறிஞ்சுபோடாதேங்கோ.

கொள்ளுப்பிட்டி_ஜி41 | ஜனவரி 12, காலை 10.44

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என்னிடம் ஜி41 போட், 775 சொக்கெட். ஈ5450 ஸியோன் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அது தேறுமா?

பழையசாமான் | ஜனவரி 12, பகல் 12.20

இது என்ர பேட்டை. ஈ5450 உண்மையில 771 சொக்கெட் சாமான். 775 இல போட இரண்டு வேலை: அடியில இரண்டு தொடுபுள்ளியை இடம் மாத்திற சின்ன ஸ்டிக்கர், பிறகு ஓரத்தில இருக்கிற பள்ளம் பொருந்துறதுக்கு சொக்கெட்டின்ர பிளாஸ்ரிக் முளையை வெட்டுறது, அல்லது புரொசசரின்ர ஓரத்தில புதுப் பள்ளம் வெட்டுறது. விக்கிறவங்கள் இப்ப ரெண்டையும் செய்துதான் விக்கிறாங்கள். சொக்கெட்டை வெட்டாதேங்கோ, வெட்டின சாமானை வாங்குங்கோ.

3.0 கிகாஹேர்ட்ஸ், 4 கோர், 12 எம்பி கேஷ், 1333 பஸ், 80 வொட். ஈ0 ஸ்டெப்பிங் (திருத்திய பதிப்பு) பாருங்கோ, மேல் தகட்டில எஸ்எல்பிபிஎம் எண்டு இருக்கும். எஸ்எல்ஏஎன்கியூ பழைய சி0. எக்ஸ்5460 எண்டு 3.16 ஒண்டும் வரும், அது 120 வொட். ஹீட்சிங்க் இல்லாத மூண்டு கட்ட மின்வழங்கியோட இருக்கிற ஜி41 போட்டில அதைப் போட்டா மொஸ்ஃபெற் பொரியும். எல்5420 50 வொட் தான், ஆனா 2.5 கிகாஹேர்ட்ஸ்.

பயோஸில இந்த ஸியோனுக்குரிய மைக்ரோகோட் (புரொசசருக்குள்ள ஏத்திற சின்ன மென்பொருள்) இராது. மெசின் எழும்பும், ஆனா தெரியாத புரொசசர் எண்டு காட்டும், வேகக் கட்டுப்பாடு ஒழுங்கா வராது, சிலநேரம் விண்டோஸ் ஏறேக்க தொங்கும். மைக்ரோகோட் சேர்த்த பயோஸ் எழுதினாச் சரி.

றாமில இன்னொரு பொறி. டிடிஆர்3 ஜி41 போட்டுக்கு 4 ஜிபி குச்சி வாங்கேக்க இரண்டு பக்கமும் எட்டெட்டா 16 சிப் இருக்கவேணும். எட்டுச் சிப்போட வாற புதுக் குச்சியை ஜி41 ஏற்காது.

மரைன்டிரைவ் | ஜனவரி 12, பகல் 1.05

இவ்வளவும் சரி, ஆனால் வாங்குவதற்கு முன் இதையும் வாசியுங்கள். 775 காலத்து 45 நானோமீட்டர் புரொசசர்களில் எஸ்எஸ்ஈ4.1 கட்டளைத் தொகுதி வரைதான், எஸ்எஸ்ஈ4.2 உம் பொப்கவுண்ட் கட்டளையும் இல்லை. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு அவை இல்லாமல் எழும்பவே எழும்பாது. எந்தச் சுற்றுவழியும் இல்லை, டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையை ஏமாற்றுவது போன்றதல்ல இது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். ஆகவே 775 இல் போடும் காசு லினக்ஸுக்கு என்றால் மட்டும்.

பழையசாமான் | ஜனவரி 12, பகல் 1.30

மூத்தவர் சொன்னாச் சரிதான். ஜி41 இல லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. பிள்ளையள் பாடம் பார்க்க, கணக்கு எழுத, அச்சடிக்கக் காணும். காசு குடுத்து வாங்காதேங்கோ, கையில போட் சும்மா கிடந்தா மட்டும் செய்யுங்கோ.

கொள்ளுப்பிட்டி_ஜி41 | ஜனவரி 12, பகல் 2.11

விளங்கிச்சு. விட்டேன்.

தெஹிவளை_அல்பம் | ஜனவரி 12, இரவு 9.25

பயோஸ் வேலை முடிஞ்சுது, இடையில ஒரு பதிப்பு போட்டுத்தான் கடைசிக்குப் போகவேணும் எண்டு குறிப்பில இருந்தது, அப்படியே செய்தன். ஐ3 ஒழுங்கா ஓடுது. இனி எந்தக் கிராபிக்ஸ் காட்? மலிவா ஜிடி 710, ஜிடி 1030 இரண்டும் கிடைக்குது. மொனிட்டரில விஜிஏ மட்டும்தான்.

மரைன்டிரைவ் | ஜனவரி 12, இரவு 10.10

உங்கள் கேள்வியே இனி வேறு திசைக்குப் போகவேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஜிடி 1030 க்கு விஜிஏ வெளியீடு கிடையாது. அது வந்த பாஸ்கல் தலைமுறையில் விஜிஏக்கு வேண்டிய அனலொக் சமிக்ஞையே இல்லை. டிவிஐ வாயில் மலிவு மாற்றியை மாட்டினாலும் படம் வராது, எச்டிஎம்ஐ இலிருந்து விஜிஏ ஆக்கும் சிப் உள்ள மாற்றி வேண்டும். அதோடு, ஜிடி 1030 இல் வீடியோ என்கோட் செய்யும் (சுருக்கி எழுதும்) பகுதி இல்லை. வீடியோ வெட்டுபவருக்கு இது முக்கியம். டிடிஆர்4 நினைவகத்தோடு வரும் ஜிடி 1030 இன்னும் மெதுவானது, பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா பாருங்கள். ஜிடி 710 பழைய கெப்ளர் தலைமுறை. என்விடியா 470 வரிசை டிரைவரோடு அதை நிறுத்திவிட்டது.

இப்போது உங்கள் ஐ3 இன் கிராபிக்ஸுக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோப் பகுதி, வழக்கமான எச்.264 முறை வீடியோவை வேகமாக எழுதித்தருகிறது. கிராபிக்ஸ் இல்லாத ஸியோன் போட்டால் அதையும் இழப்பீர்கள். கோர் இரண்டிலிருந்து நான்காகும், எக்ஸ்போர்ட் சிலவேளை முன்பைவிட மெதுவாகும்!

ஆகவே கணக்கு இப்படி. ஒரு பக்கம் ஈ3-1240 வீ2 + காட் + தேவைப்பட்டால் மாற்றி. மறு பக்கம் ஈ3-1245 வீ2 அல்லது ஐ7-3770 தனியே. 1245 வீ2 இல் பி4000 கிராபிக்ஸ் உண்டு, 77 வொட், உங்கள் விஜிஏ வயர் அப்படியே வேலை செய்யும், குவிக் சிங்க்கும் இருக்கும். விலை வித்தியாசம் ஒரு காட்டின் விலையை விடக் குறைவு என்றால் 1240 இன் மலிவு மலிவே அல்ல.

புதுக்கடை_நானா | ஜனவரி 13, காலை 6.55

அந்தக் கணக்குச் சரி, ஆனா ஒண்டு விட்டுட்டீங்க. தங்கச்சி என்ன கமராவில எடுத்த வீடியோ வெட்டுறா? ஐபோன், புது அண்ட்ரொயிட் பலதும் எச்ஈவிசி, அதாவது எச்.264 க்குப் பிறகு வந்த வீடியோ முறை. ஐவியின் குவிக் சிங்க் எச்.264 மட்டும்தான், எச்ஈவிசி விரிக்க (திறந்து ஓட்ட) தெரியாது. அந்தக் கோப்பை எடிட்டிங் காலக்கோட்டில போட்டா ஐ7 உம் திக்கித் திணறும். அதுக்கு காட் வேணும்: குவாட்ரோ பி400 பாவிச்சது. 30 வொட், தனி மின்வயர் வேணாம், எச்ஈவிசி விரிக்கும், எழுதவும் செய்யும். வாய் மூணும் மினி டிஸ்பிளேபோட், விஜிஏக்கு மாற்றி வேணும். பி620 40 வொட், இன்னும் கொஞ்சம் பலம். கே620 வாங்கினா டிவிஐ-ஐ வாய் இருக்கு, மலிவு மாற்றியே போதும், ஆனா எச்ஈவிசி விரிக்காது.

மரைன்டிரைவ் | ஜனவரி 13, காலை 8.30

நானா சொன்னது சேர்ந்தால்தான் என் கணக்கு முழுமை. எச்ஈவிசி கோப்பு வருகிறது என்றால் எப்படியும் காட் வேண்டும், அப்போது 1240 வீ2 தான் சரியான தெரிவு. கமரா எச்.264 மட்டும் தருகிறது என்றால் 1245 அல்லது 3770.

அத்தோடு எந்த எடிட்டிங் மென்பொருள், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். புதிய பதிப்புகளில் சில ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியைக் கேட்கும். ஐவியில் ஏவிஎக்ஸ் மட்டுமே. ஏவிஎக்ஸ்2 2013 இல் வந்த ஹஸ்வெல், அதாவது 1150 சொக்கெட்டிலிருந்துதான். இப்போது ஐ3 யில் ஓடும் பதிப்பு ஸியோனிலும் ஓடும், அதை மேம்படுத்த ஆசைப்படவேண்டாம்.

பம்பலப்பிட்டி_6கோர் | ஜனவரி 13, பகல் 11.15

இவ்வளவு பாடு எதுக்கு? பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் நாலாம் தலைமுறை பிராண்ட் மெசின் பாவிச்சது வரிசையாக இருக்கிறது. ஈ3-1231 வீ3 ஒன்றைப் போட்டால் ஏவிஎக்ஸ்2 உம் வரும்.

புதுக்கடை_நானா | ஜனவரி 13, பகல் 11.48

வரும். ஆனா ஒப்டிப்ளெக்ஸ் 3020, 7020, 9020 எல்லாம் மெயின் மின்வயர் எட்டுப் பின், சாதாரண 24 பின் பவர் சப்ளை நேரா ஏறாது. காட் பெரிசாப் போடணும்னா மாற்றி வயர் தேடணும். எஸ்எஃப்எஃப் எனும் ஒடுங்கின கேசிங்னா உயரம் குறைஞ்ச காட்தான் ஏறும். பி400 ஏறும், அது வேற கதை.

மெசின் வாங்கப் போனா மூடியைக் கழட்டச் சொல்லுங்க. புறக்கோட்டையோ பம்பலப்பிட்டியோ, கழட்ட விடாத கடையில வாங்காதீங்க. கப்பாசிட்டர் தலை வீங்கி இருக்கா, விசிறி வாயில துரு இருக்கா, றாம் வாயில பச்சை படிஞ்சிருக்கா, அதைப் பாருங்க.

மரைன்டிரைவ் | ஜனவரி 13, பகல் 12.25

பச்சை என்றதும் நினைவுக்கு வருகிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று போட்டைத் தின்னும். றாம் குச்சியின் தங்கப் பல்லை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பில் அற்ககோலால் துடைத்து மாட்டுங்கள். சொக்கெட் பின்னைத் தேய்க்கக்கூடாது, காற்று மட்டும் அடிக்கவும். பல வருடமாக சிஆர்2032 பற்றரி மாற்றாத போட் என்றால் இந்தச் சாட்டோடு மாற்றிவிடுங்கள்.

தெஹிவளை_அல்பம் | ஜனவரி 13, இரவு 8.50

கோப்பெல்லாம் கமராவில இருந்து எச்.264 தான், ஃபோன் வீடியோ ஒருத்தரும் தாறேல்லை. 1245 வீ2 ஒண்டு கிடைச்சிருக்கு, ஐ7-3770 ஐ விடக் குறைவு. றாம் சேர்வரில இருந்து கழட்டினது 8 ஜிபி குச்சி அடிமாட்டு விலைக்குக் கிடக்குது, ஸியோன் சேர்வர் புரொசசர்தானே, அதைப் போட்டா என்ன?

பழையசாமான் | ஜனவரி 13, இரவு 9.02

போடேலாது! அந்த மலிவுக் குச்சி ரெஜிஸ்டர்ட் எண்ட சேர்வர் வகை, ஸ்டிக்கரில 12800ஆர் எண்டு ஆர் இருக்கும். ஈ3 வரிசை ரெஜிஸ்டர்ட் றாமைத் தொடாது, ஈ5 வரிசைக்குத்தான் அது. ஈ எண்டு முடியிறது பஃபர் இல்லாத ஈசிசி (பிழை திருத்திற றாம்), அது சேர்வர் சிப்செட்டுக்கு. எச்61 இல ஏறினாலும் ஏறும், ஏறாமலும் விடும், ஏறினாலும் ஈசிசி வேலை செய்யாது. யு எண்டு முடியிறதுதான் உங்களுக்கு.

இன்னொண்டு: "ஏஎம்டிக்கு மட்டும்" எண்டு வாற 8 ஜிபி டிடிஆர்3. இன்டெல் போட்டில எழும்பாது. விலை குறைஞ்சதுக்குக் காரணம் அதுதான்.

எச்61 இல இரண்டு வாய், அதிகபட்சம் 16 ஜிபி. 2 x 8, 1600. ஐ3 யோட 1333 இல ஓடும், வீ2 மாட்டினதும் 1600 க்குப் போகும்.

மரைன்டிரைவ் | ஜனவரி 13, இரவு 9.40

இதற்குள் யாரும் எஸ்எஸ்டி பற்றி வாயே திறக்கவில்லை. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் ஃபோட்டோஷொப் திறந்துகொண்டு ஸியோன் தேடுவது ஒழுங்கு தவறு. முதலில் எஸ்எஸ்டி, பிறகு 16 ஜிபி, மூன்றாவதுதான் புரொசசர். அல்பம் டிசைனில் நேரம் போவது பெரும்பாலும் கோப்பைத் திறப்பதிலும் றாம் போதாமல் டிஸ்க்கில் எழுதுவதிலும். எச்61 இல் எல்லா சாட்டா வாயும் நொடிக்கு 3 கிகாபிட் தான், எஸ்எஸ்டி 270 எம்பி அளவில் நிற்கும். பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் இரவும் பகலும். பழைய 500 ஜிபியை முடிந்த வேலைகளை வைக்கப் பாவியுங்கள்.

பம்பலப்பிட்டி_6கோர் | ஜனவரி 14, காலை 9.30

மின்சார பில் ஏறுமா என்று ஒருவரும் கேட்கவில்லையே?

புதுக்கடை_நானா | ஜனவரி 14, காலை 9.52

சும்மா நிக்கிற நேரம் ஐ3 யும் இதுவும் ஏறக்குறைய ஒண்டுதான். முழு வேகத்தில கூட 40 வொட் கூடுதலாப் போகுதுன்னு வைங்க, நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினா 0.4 அலகு, மாசம் 12 அலகு. அந்த 12 உங்களை 90 இல இருந்து அல்லது 120 இல இருந்து அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளினா மட்டும்தான் வலிக்கும். எக்ஸ்5680 மாதிரி 130 வொட் சாமான் வச்சிருக்கிற 6கோர் தம்பிதான் கவலைப்படணும்.

பம்பலப்பிட்டி_6கோர் | ஜனவரி 14, காலை 10.01

எக்ஸ்5675 நானா, 95 வொட்! வீட்டில் இஸ்திரிப்பெட்டியைத்தான் குறை சொல்கிறோம்.

மரைன்டிரைவ் | ஜனவரி 14, பிற்பகல் 3.20

மாட்டுவதற்கு முன் சில குறிப்பு. பாவித்த புரொசசரை வாங்கும்போது மேல் தகட்டில் "இன்டெல் கொன்ஃபிடென்ஷல்" என்று இருந்தால் அது சோதனை மாதிரி, எடுக்கவேண்டாம், பயோஸ் மறுக்கலாம். அடிப்பக்கம் நடுவில் உள்ள மிகச்சிறு கப்பாசிட்டர்களில் ஒன்று உடைந்து விழுந்திருக்கிறதா பாருங்கள். தகட்டு எழுத்தை மட்டும் நம்பாமல் சிபியு-இசட்டில் பெயர், கோர், திரெட் சரிபாருங்கள். புரொசசர் கெட்டுப்போவது அரிது. கெடுவது போட்டின் பின்.

உங்கள் ஐ3 க்கு வந்த ஹீட்சிங்க் முழு அலுமினியமாகவும் தட்டையாகவும் இருக்கும். 77 வொட்டுக்கு கொழும்பு வெக்கையில் அது பற்றாது, விசிறி அலறும். நடுவில் செம்பு உருளை உள்ள, உயரமான இன்டெல் ஹீட்சிங்க் பாவித்தது தேடுங்கள். 1155, 1156, 1150, 1151 நான்கிற்கும் துளை 75 மில்லிமீட்டர், எதுவும் பொருந்தும். 775 இனது 72, பொருந்தாது.

மாட்டும்போது பழைய பசையை அற்ககோலால் முழுதாகத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு மட்டும். நான்கு கால்களையும் மூலைக்கு மூலை எதிராக அழுத்தவும். ஒரு கால் சரியாக இறங்காவிட்டால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், வெப்பம் உடனே 90 ஐத் தாண்டும். போட்டின் பின்பக்கம் நான்கு வெள்ளை முனையும் விரிந்து நிற்கிறதா பார்த்துவிட்டு மூடுங்கள்.

தெஹிவளை_அல்பம் | ஜனவரி 17, மாலை 5.15

எஸ்எஸ்டி, 2 x 8 ஜிபி, 1245 வீ2 எல்லாம் மாட்டியாச்சு. திரை வந்திட்டுது, விஜிஏ வேலை செய்யுது, 8 திரெட் காட்டுது. ஆனா றாம் 8 ஜிபி மட்டும்தான் தெரியுது. இரண்டு குச்சியையும் மாறி மாறி முதல் வாயில போட்டா இரண்டும் நல்லம். இரண்டாவது வாய் ஐ3 யோட வேலை செய்தது.

பழையசாமான் | ஜனவரி 17, மாலை 5.40

றாம் வாய் பழுதில்லை. றாமைக் கட்டுப்படுத்திறது புரொசசருக்குள்ள. ஒரு வாய் செத்தா சொக்கெட்டில ஒரு பின் வளைஞ்சிருக்கு, அல்லது தொடுபுள்ளியில பசை பட்டிருக்கு, அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் கூட இறுகியிருக்கு. இந்த ஒழுங்கில பாருங்கோ: முதல் ஹீட்சிங்கைக் கழட்டித் திருப்பி சமமா மாட்டுங்கோ. பிறகு புரொசசரைத் தூக்கி அடிப்பக்கத்தை அற்ககோலால துடையுங்கோ. கடைசியா சொக்கெட்டுக்கு மேல ஃபோன் கமராவைப் பெருசாக்கி, வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. எல்லாப் பின்னும் ஒரே திசைக்கு மின்னும், வளைஞ்சது மட்டும் மின்னாது. மெல்லிய ஊசியால ஒரு மயிரளவு நிமித்துங்கோ, அதுக்கு மேல நிமித்தினா முறியும்.

தெஹிவளை_அல்பம் | ஜனவரி 17, இரவு 7.32

அடியில ஓரத்தில பசை பட்டிருந்தது. துடைச்சுப் போட்டன், 16 ஜிபி காட்டுது. முழு வேகத்தில 71 பாகை. பழைய ஐ3 யை விளம்பரத்தில போட்டு விக்கலாம்தானே?

புதுக்கடை_நானா | ஜனவரி 17, இரவு 7.50

விக்காதீங்க, நூறு இருநூறு ரூபாய்க்குத்தான் கேப்பான். ஸ்பொஞ்ச் துண்டில அடிப்பக்கம் படாம வச்சு, எடுத்த பெட்டியில போட்டு வைங்க. நாளைக்குத் திரை வராம நிண்டா போட்டா புரொசசரான்னு பிரிச்சுப் பார்க்க அதுதான் இருக்கும். பயோஸ் யாராவது பழையதுக்குத் திருப்பி எழுதிட்டாலும் அந்த ஐ3 இல்லாம மெசின் எழும்பாது. இந்த ராத்திரி றாமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓட விட்டுட்டுப் படுங்க.